குதிரையும் குறிப்பறிதலும்

குதிரையின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவும் பேரரசுகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்விலங்கின் உள்ளக் குறிப்பை மனிதன் அறியக் கற்றுக்கொண்ட வரலாறும் நம் கவனத்துக்குரியதாகும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே கிரேக்கப் படைத்தலைவரான செனொபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் இயற்றினார். குதிரையைச் சினத்துடன் அணுகலாகாது என்பது அவரது தலையாய விதி. குதிரை ஒரு பொருளைக் கண்டு மிரளும்போது அதனை அடித்தல் அச்சத்தை மிகுவிக்கும். அடியினால் விளையும் நோவுக்கும் அப்பொருளே காரணமென அது கொள்ளும் என்பது அவர் தரும் விளக்கம். பிறர் முரட்டுத்தனம் எனக் கருதியவிடத்து அவர் அச்சத்தைக் கண்டார்.

ஆயினும், குறிப்பறிதல் ஒருவழிப்பட்டதன்று. இவ்வுண்மை பேர்லின் நகரிலே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோதனை வாயிலாக நிறுவப்பட்டது. அங்கு ஓய்வுபெற்ற ஆசிரியரான வில்ஹெல்ம் வொன் ஒஸ்ரென், தமது குதிரை ஹான்ஸுக்குக் கணிதம் கற்பித்துவிட்டதாக நம்பினார். கேட்ட கணக்குக்குரிய விடையை அது குளம்பினால் தட்டிக் காட்டிற்று. 1904இல் உளவியற் பேராசிரியர் கார்ல் ஸ்ரும்ப் தலைமையில் ஆராய்ந்த குழுவினர் இதிலே சூழ்ச்சி எதனையும் காணவில்லை.

பின்னர் ஸ்ரும்பின் மாணவரான ஒஸ்கார் புங்ஸ்ற் ஆய்வைத் தொடர்ந்தார். வினவுபவர் தாமே விடையறியாதபோதும், அவரைக் குதிரை காண இயலாதபோதும் ஹான்ஸ் தவறியது. வினவியவர் குளம்பை நோக்கிச் சற்றுக் குனிந்ததும் அது தட்டத் தொடங்கியது. உரிய எண் வந்ததும் அவர் தலை தம்மையறியாமலே நுண்ணளவு நிமிர, அது நிறுத்திற்று. இதனை நன்கறிந்த பின்னரும், அக்குறிப்பைத் தமது உடல் தன்னியல்பாகவே வெளிப்படுத்துவதைப் புங்ஸ்ற் உணர்ந்தார். 1907இல் அவரது ஆய்வு நூலாக வெளிவந்தது.

ஹான்ஸ் கணிதம் அறியாது என்பதையே பலரும் இவ்வாய்வின் முடிவாகக் கொண்டனர். ஆனால், கற்றோர் குழுவொன்றின் கண்ணுக்குப் புலப்படாத அசைவுகளைக் குதிரையொன்று கண்டுகொண்டது என்பது அதனினும் பெரிய செய்தியன்றோ? 2015இல் குதிரையின் முக அசைவுகளை 17 அலகுகளாக வகுத்த ஆய்வு வெளிவந்தது. சினந்த மனித முகத்தின் படத்தைக் கண்டபோது குதிரைகளின் இதயத்துடிப்பு விரைவில் உயர்ந்தமையை 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. குதிரையைச் சினத்துடன் அணுகலாகாது என்ற செனொபோனின் விதிக்கு இஃது ஒரு புதிய சான்றெனலாம்.

ஆகவே, குதிரையின் செவியையும் கண்ணையும் வாலையும் நோக்கப் பயில்பவர், தமது தோளும் கையும் அதற்கு என்ன உணர்த்துகின்றன என்பதையும் அறிதல் வேண்டும். இப்பாடம் இலாயத்துடன் முடிவதன்று. வொன் ஒஸ்ரென் எவரையும் ஏமாற்ற முனைந்தவரல்லர். தாம் எதிர்பார்த்த விடையைத் தாமே உணர்த்திவிட்டு, அதனைச் சான்றெனக் கொண்டவர். ஆவணங்களை வினவும் வரலாற்று மாணவராகிய நாமும் அவ்வாறு தலை நிமிர்த்துகின்றோமா என்பது சிந்தித்தற்குரியது.