கதவுக்கு வெளியே கேட்ட பாடம்

எது உபதேசம், எது மனிதர் போட்ட சட்டம்? சமணனான நான் பெந்தெகொஸ்தே சபை வரலாற்றைப் படிக்கப் புகுந்தது இதை அறியத்தான்.

1906 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் சார்லஸ் பார்ஹாம் வேதபாடம் நடத்தினார். கறுப்பரான வில்லியம் சீமோர் வகுப்புக்குள் உட்காரக் கூடாதாம். கதவுக்கு வெளியே இருந்துதான் கேட்டார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் சீமோர் நடத்திய கூட்டங்களில் இரு நிறத்தாரும் சேர்ந்தே ஜெபித்தார்கள். ஆனால் பின்னாளில் சபைகள் நிறவாரியாகப் பிரிந்தன. 1948-இல் வட அமெரிக்காவில் அமைந்த கூட்டமைப்பில் கறுப்பர் சபை ஒன்றுகூட இல்லை. 1994-இல் மெம்பிஸில் அதைக் கலைத்தபோது, வெள்ளைப் போதகர் ஒருவர் கறுப்பரான பேராயரின் கால்களைக் கழுவினார்.

வியாபாரி எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றுதான்: இந்தச் சட்டம் யாரை வெளியே உட்கார வைக்குது? நம்ம கோயில்களிலும் இதை உரசிப் பார்க்கலாமே.