கூரையைப் பகிரலாம், அதிகாரத்தை அல்ல: சாலவாக்கத்தில் ஒரு நீதிமன்ற அமர்வுக்கான வாதம்

நீதிமன்றம் என்றாலே தனி நிலம், தனி மதில், தனி வளாகம் என்று எண்ணிப் பழகிவிட்டது நம் நிர்வாகம். கட்டுமானச் செலவை மட்டுமே செலவாகக் கொள்வது அதைவிடப் பெரிய பிழை. உத்திரமேரூர் வட்டம் சாலவாக்கத்தைச் சேர்ந்த ஒருவர் வரப்புத் தகராறுக்காக உத்திரமேரூரிலுள்ள மாவட்ட உரிமையியல் மற்றும் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்குப் போனால், பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் அவர் தலையில் விழுகின்றன. வாய்தா ஆனால் அடுத்த முறையும் அதே கதை, சாட்சி சொல்ல வருபவருக்கும் அதே கதை. ஆகவே நீதிமன்றங்களை ஒன்றிணைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது; அரசின் செலவு வழக்காடியின் மடிக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010க்குப் பின் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் ஏறக்குறைய பாதி மூடப்பட்டதைப் பற்றி 2019இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே கவலை தெரிவித்தது. செலவும் குறைந்து நீதியும் அருகில் வரவேண்டுமானால், இருக்கும் பொதுக் கட்டடங்களில் குறித்த நாட்களில் நீதிமன்றம் அமர்வதே வழி.

இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 2009 அக்டோபர் 2இல் நடைமுறைக்கு வந்த கிராம நியாயாலயங்கள் சட்டம், நியாயாலயத்தின் நீதிபதியான நியாயாதிகாரி ஊர்களுக்குச் சென்று வழக்கினரின் இருப்பிடத்துக்கு அருகிலேயே விசாரிக்க இடமளிக்கிறது. ஒரு நியாயாலயத்துக்கு மத்திய அரசு வகுத்த ஒருமுறை உதவி 18 லட்சம் ரூபாய்: கட்டடத்துக்கு 10, வாகனத்துக்கு 5, அலுவலகத் தளவாடங்களுக்கு 3. பத்து லட்சத்தில் இன்று நீதிமன்றம் கட்ட முடியாது என்பது சரியே. ஆனால் கட்டடத் தொகையில் பாதியளவை வாகனத்துக்கு ஒதுக்கியதில்தான் அத்திட்டத்தின் உயிர் இருக்கிறது.

கடுமையான மறுப்பு நீதித்துறைச் சுதந்திரம் பற்றியது. அரசியலமைப்பின் 50ஆம் கூறு நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்லும்போது, அரசுக் கட்டடத்தில் அமர்வது முறையா? எந்தக் கட்டடம் என்பதைப் பொறுத்தது அது. காவல் நிலையம் கூடாது. பட்டா வழக்குகளில் வருவாய்த் துறையே ஒரு தரப்பு என்பதால் தாலுகா அலுவலகமும் கூடாது. பாதை ஆக்கிரமிப்பு வழக்கில் ஊராட்சி அலுவலகமும் அப்படியே. வழக்கில் தரப்பாக வரக்கூடியவரின் கூரைக்குக் கீழே நீதிபதி அமரலாகாது என்பதே அளவுகோல். விடுமுறை நாள் பள்ளியும் சமுதாயக் கூடமும் இதில் தேறும். பகிர முடியாதவையும் உண்டு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குரிய போக்சோ சட்ட வழக்கில் குழந்தை சாட்சி சொல்லும்போது குற்றஞ்சாட்டப்பட்டவரின் கண்ணில் படக்கூடாது. அதற்குரிய தனியறை ஊர்க் கூடத்தில் அமையாது, அவ்வழக்குகள் மாவட்டத் தலைநகரிலேயே நடக்கட்டும். வழக்குக் கட்டுகள் ஓர் இரவுகூடக் கூடத்தில் தங்காமல் வண்டியோடு திரும்ப வேண்டும். நீதிமன்ற வளாகங்களில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மிச்சமாகும் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுவே.

மாண்பு குறையும் என்பாருக்கு உத்திரமேரூரே பதில் சொல்லும். சோழ மன்னன் பராந்தகன் காலத்து ஊர்ச் சபையின் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்தில் அமரத் தகுதியற்றவர் என்கிறது. அவையின் மதிப்பை அமர்பவரின் தகுதியில் வைத்தவர்கள் அவர்கள். மாண்பைவிட மெய்யான தடை முகூர்த்த நாள்தான். கல்யாணத்துக்குக் கூடம் பதிவாகிவிட்டால் அமர்வு தள்ளிப்போகும், வாய்தா புது வடிவில் திரும்பும். ஆகவே ஆண்டு முழுமைக்குமான அமர்வு நாட்களை மாவட்ட நீதிபதி முன்கூட்டியே குறித்து, கூடத்தின் முன்பதிவு ஏட்டில் முதலில் ஏற்றிவிட வேண்டும். அந்த நாட்களில் சாவி நீதிமன்ற ஊழியரிடம் இருக்க வேண்டும்.