வம்சமா, வரிசையா?

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் பொருள்களுக்கிடையே உள்ள உறவு என்றதும் ஒரு மரம் வரையப்படுகிறது. மேலே இருப்பதன் குணங்கள் கீழே இறங்கும். தமிழகப் பள்ளிப் பாடநூல்களில் 'கிளாஸ்' இனக்குழு ஆகியது. 'இன்ஹெரிட்டன்ஸ்' மரபுரிமம் ஆகியது. பிறப்பால் வருவதே உறவு என்கிற கருத்தியல் சந்தடியில்லாமல் பாடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வரலாறு சொல்வது வேறு.

1960களில் ஆஸ்லோவில், நார்வே கணிப்பு மையத்தில், ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகாரும் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, பாலத்துச் சுங்கச்சாவடி. லாரி வருகிறது, பஸ் வருகிறது. இரண்டும் வேறு வேறு. ஆனாலும் ஒரே வரிசையில் நின்றாக வேண்டும். வரிசையில் நிற்கத் தேவையானதை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுவானேன்? பொதுவில் ஒருமுறை எழுதி, இரண்டுக்கும் முன்னால் ஒட்டிவிட்டால் போச்சு. சிமுலா 67இல் இதற்குப் பெயர் 'முன்னொட்டு'. மேல், கீழ் என்ற படிநிலை அதிலும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதைத் தேவையாக்கியது வம்சம் அல்ல, வெவ்வேறானவை சேர்ந்து நிற்க வேண்டிய நெருக்கடி.

ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே உருவாக்கிய ஸ்மால்டாக்கின் 1972ஆம் ஆண்டு வடிவத்தில் மரபுரிமம் கிடையாது; 1976இல்தான் சேர்ந்தது. பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதுதான் மையமான விஷயம் என்று 1998இலும் கே வலியுறுத்தினார். அதற்குள் மரம் ஜெயித்துவிட்டிருந்தது.

ஜெயித்ததன் விலை? 1996இல் வெளிவந்த ஜாவாவைப் பாருங்கள். 'ஸ்டாக்' என்பது தட்டுகளை அடுக்குவது மாதிரி: மேலேதான் வைக்கணும், மேலிருந்துதான் எடுக்கணும். ஜாவாவில் அது 'வெக்டர்' என்ற பட்டியலின் பிள்ளை. அதனால் நடுவிலும் சொருகலாம். அடுக்கு என்பதன் அர்த்தமே போச்சு. பிள்ளையாகப் பிறந்ததால் வேண்டாததும் சேர்ந்து வந்தது. பட்டியலைத் தனக்குள் ஓர் உறுப்பாக வைத்துக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எரிக் காமா உள்ளிட்ட நால்வர் 1994இல் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் இதைத்தான் சொன்னது: மரபுரிமத்தைவிடச் சேர்த்துக் கட்டுவதற்கு முன்னுரிமை கொடுங்கள். வழித்தோன்றலாக இருப்பது ஒரு உறவு. உறுப்பாக வைத்திருப்பது இன்னொன்று. தெரிந்துவைத்துக்கொண்டு செய்தி அனுப்புவது மற்றொன்று. முதலாவது, நிரல் எழுதும்போதே இறுகிவிடுகிறது. மற்ற இரண்டையும் நிரல் ஓடும்போதுகூட மாற்றலாம்.

'இனக்குழு' என்று படித்துவிட்டு வரும் மாணவருக்குப் படிநிலை இயற்கை விதியாகத் தெரிந்தால் அது அவர் தப்பில்லை. சொல்லை உடனே மாற்ற முடியாதுதான். மரத்தை வரைவதற்கு முன்னால் கரும்பலகையில் அந்தச் சுங்கச்சாவடியை வரையலாமே.