பழவேற்காட்டில் பத்து நாள்

பொன்னேரிப் பக்கத்து வீடுகளில் ஆங்கில வருஷப் பிறப்பன்று முதலில் மாறுவது சுவர் ஆணியில் தொங்கும் தினசரி காலண்டர்தான். நகைக்கடையோ ரைஸ் மில்லோ மருந்துக்கடையோ கொடுத்தது. அட்டையில் லக்ஷ்மி, அல்லது வேளாங்கண்ணி மாதா, அல்லது மக்காப் பள்ளி. கீழே முன்னூற்று அறுபத்தைந்து தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ஆங்கிலத் தேதி பெரிதாக, தமிழ்த் தேதி அதில் பாதியாக, ஹிஜிரித் தேதி அதனினும் சிறிதாக. பிறகு ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம். இவையெல்லாம் போக மிஞ்சுகிற மூலையில் ஒரு பொன்மொழியோ, ‘இன்றைய தகவல்’ என்று ஒரு வரியோ இருக்கும்.

துணுக்கு என்ற சொல் நம்மிடையே வசைச்சொல்லாகவே புழங்கி வந்திருக்கிறது. வாரப் பத்திரிகைகள் வாசகனை மழுங்கடிக்கக் கையாளும் உபாயம் என்று அதைப் பற்றி நிறையவே எழுதிவிட்டோம். அதில் நியாயம் உண்டு. ஆனால் காலையில் தாளைக் கிழித்ததும் அந்த மூலை வரியைப் படிக்காமல் கசக்கிப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? துணுக்கின் குற்றம் அது சிறியதாக இருப்பதல்ல, தன் உறவுகளை அறுத்துக்கொண்டு தனியாக நிற்பது. சரித்திரத்திலிருந்து பிய்த்தெடுத்த ஒரு துண்டை மறுபடி அதன் இடத்தில் பொருத்திப் பார்த்தால் என்ன நேரும் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். துண்டு இதுதான்: பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கிறிஸ்துமஸ் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் சென்னைப்பட்டினத்தில் கிறிஸ்துமஸ் வந்தது.

பொன்னேரியிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. டச்சுக் கம்பெனி 1613இல் அங்கே கட்டிய கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர். கோட்டை இன்று மண்மேடும் முட்புதரும். அருகிலிருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே சமாதிக் கற்களில் செத்தவர்களின் பெயரும் நாளும். தெற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில், 1639இல் கிடைத்த மானியத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கம்பெனி ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. ஒரே கடற்கரை, ஒரே துணி வியாபாரம், இரு தரப்புமே புராட்டஸ்டண்டுகள். ஆனால் தேதி ஒன்றல்ல.

போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் ஜூலியன் காலண்டரைத் திருத்தினார். சூரியனுக்கும் காலண்டருக்கும் இடையே சேர்ந்துவிட்டிருந்த பிசகைச் சரிசெய்யப் பத்து நாள்களை ஒரேயடியாக நீக்கினார். கத்தோலிக்க தேசங்கள் உடனே ஏற்றன. கத்தோலிக்க ஸ்பெயினுடன் யுத்தம் செய்துகொண்டிருந்தபோதிலும் ஹாலந்து மாகாணம் சீக்கிரமே புதுக்கணக்குக்கு மாறிவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் கணக்கே கம்பெனியின் கணக்கு. கம்பெனியின் கணக்கே பழவேற்காட்டின் கணக்கு. போப்பின் கணக்கு எங்களுக்கு வேண்டாம் என்று இங்கிலாந்து 1752 வரை பிடிவாதமாக இருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று சட்டம் போட்டுத்தான் மாறியது. இதில் ஒரு வேடிக்கை: கெல்ட்ரியா என்ற பெயர் கெல்டர்லாண்ட் மாகாணத்திலிருந்து வந்தது. அந்த மாகாணமோ 1700 வரை பழைய கணக்கிலேயே இருந்தது. பெயர் ஒரு காலண்டரில், கோட்டை இன்னொரு காலண்டரில்.

டிசம்பர் 26 அன்று, பண்டிகை கழிந்த மறுநாள், பழவேற்காட்டிலிருந்து படகில் கிளம்பிய ஒருவன் அடுத்த நாள் சென்னைப்பட்டினத்தில் இறங்கினால் அங்கே டிசம்பர் 17. கிறிஸ்துமசுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கும். சாந்தோமில் போர்ச்சுகீசியர் போப்பின் கணக்கில் இருந்ததால், ஜார்ஜ் கோட்டையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இன்னொரு கிறிஸ்துமஸ். இதைவிட விசித்திரம் 1621இல் நடந்தது. 1619இல் இரு கம்பெனிகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயர்கள் பழவேற்காட்டிலேயே வந்து தங்கி, கோட்டைச் செலவில் பங்கு கொடுத்து, 1623 வரை இருந்தார்கள். ஒரே மதிலுக்குள், ஒரே மழைநாளில், இரண்டு குமாஸ்தாக்கள் தத்தம் பேரேட்டில் எழுதிய தேதிகளுக்கு இடையே பத்து நாள்.

பொங்கல் எங்கே விழுந்தது என்று கேட்டால்தான் விஷயம் முழுமையாகிறது. நம் சூரிய வருஷம் நட்சத்திரத்தை வைத்து எண்ணுவது. கிரகோரியின் வருஷம் பருவத்தை வைத்து எண்ணுவது. முன்னது பின்னதைவிடக் கொஞ்சம் நீளம். ஆகவே தை முதல் தேதி அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் ஜனவரிக்குள் நகர்ந்துகொண்டே போகிறது. விவேகானந்தர் 1863இல் மகர சங்கராந்தியன்று பிறந்தார் என்பது தெரிந்த செய்தி. அன்று ஜனவரி 12. இன்று 14 அல்லது 15. இதே வீதத்தில் பின்னோக்கிப் போனால் 1640களில் டச்சுக் கணக்குக்குப் பொங்கல் ஜனவரி 9 வாக்கில் வருகிறது. ஆங்கிலேயர் கணக்கில் அதே நாள் டிசம்பர் 30. அதாவது ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே பொங்கல் பானை பொங்கியது கோட்டைக்குள் கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்தாம் நாள், ஜனவரி பிறப்பதற்கு முன்பு. பழவேற்காட்டிலோ கிறிஸ்துமசும் ஜனவரி முதல் தேதியும் கழிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு. மார்கழிக் கோலத்துக்கு நடுவில் பூசணிப்பூ வைத்த பெண்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இரண்டு ஊரிலும் அன்று போகி, மறுநாள் பொங்கல். பிசகியது வந்தவர்களின் காலம்.

இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்றவர்கள் சிரமப்பட்டிருக்க வேண்டும். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, இன்ன தேதிக்குள் இத்தனை துணி என்று பேசி முடித்த துபாஷிகள் எந்தத் தேதியைச் சொன்னார்கள்? கப்பல் டிசம்பர் முடிவில் கிளம்பும் என்றால் யாருடைய டிசம்பர்? தறிக்காரனிடம் தமிழ் மாதமும் தேதியும், கோட்டையில் அவரவர் தேதியும் சொல்லி, மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்கை ஓயாமல் போட்டுக்கொண்டிருந்த மனிதர்கள் அவர்கள். இன்றைய காலண்டர் தாளில் மூன்று தேதிகள் அருகருகே அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கழித்தல் கணக்கின் மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவற்றில் எது பெரிய எழுத்தில் என்பது தற்செயலானது அல்ல.

வந்தவர்களுக்குத்தான் கணக்குத் தெரியும், நமக்கு நம்பிக்கை மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து 1769இல் மேகம் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜெந்தீல், புதுச்சேரியில் தமிழ்க் கணிதர்களிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது என்றும், ஐரோப்பாவின் அன்றைய சிறந்த அட்டவணை 68 விநாடி மிகுந்தது என்றும் எழுதிவைத்தார். 1825இல் சென்னையில் ‘கால சங்கலித’ நூலை வெளியிட்ட ஜான் வாரன், சோழிகளைத் தரையில் பரப்பி, அட்டவணைகளை வாக்கியங்களாக மனப்பாடமாக வைத்துக்கொண்டு, எழுதாமலே கிரகணம் கணித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரின் பொருள் இதுதான். நமக்கு இன்று அந்தக் கணக்கின் விடை மட்டும், அதுவும் ஒரு தாளின் மூலையில், கிடைக்கிறது.

அதே கரையில், எழுதப்படாத வேறு காலண்டர்களும் உண்டு. பழவேற்காட்டு ஏரியில் மீனவர்களுக்குப் ‘பாடு’ என்றொரு முறை: எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது. அங்கே நாள் என்பது வெறும் எண்ணல்ல. இறால் கிடைக்கிற இடத்தில் ஒருவனுக்குள்ள உரிமை. வடகிழக்குப் பருவமழை முகத்துவாரத்தைத் திறந்துவிடுவதும், பூநாரைகள் வந்து இறங்குவதும், நீரோட்டம் வலுக்கும் அமாவாசை பௌர்ணமிகளும்தான் இவர்களுடைய குளிர்கால அறிவிப்புகள். மரைக்காயர் தெருவில் சந்திர மாதம். அது பதினொரு நாள் வீதம் பின்வாங்குவதால் ஒரு தலைமுறைக்குள் ரமலான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். தெலுங்கு பேசும் வீடுகளில் போகியன்று குழந்தைகள் தலையில் இலந்தைப் பழத்தைக் கொட்டுவார்கள். மகிமை மாதா கோயில் 1515இல் தோன்றியது என்பார்கள். அங்கே நள்ளிரவுப் பூசை. இத்தனை காலங்களும் ஒரு சிற்றூருக்குள் முட்டிக்கொள்ளாமல் இருந்துவந்திருக்கின்றன.

இதைச் சமரசத்தின் சித்திரமாக்கி முடித்துவிடுவது சுலபம். பேரேடு விடுவதாயில்லை. அதே டச்சுப் பேரேடுகளில்தான் அடிமைக் கப்பல்களின் கணக்கும் இருக்கிறது. 1621இலிருந்து 1665 வரை இந்தக் கரையிலிருந்து, பெரும்பாலும் பத்தேவியாவுக்கு, அனுப்பப்பட்ட மனிதர்கள் முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து திரட்டியிருக்கிறார்கள். பஞ்சம் வந்த வருஷங்களில் கப்பல்கள் கூடின. கப்பல் கிளம்பிய நாள் புதுக்கணக்கில், பிசகில்லாமல், எழுதப்பட்டிருக்கும். ஏற்றப்பட்டவனுக்கு அது மார்கழியா தையா, அவன் எதை விட்டுவிட்டுப் போனான் என்பதற்குப் பேரேட்டில் பத்தி இல்லை. சமாதிக் கல்லில் நாள் பெற்றவர்கள் வேறு, பேரேட்டில் எண்ணிக்கை மட்டும் பெற்றவர்கள் வேறு. துல்லியமான தேதி என்பது அறிவு மட்டுமல்ல, அதிகாரமும்தான் என்பதைப் பழவேற்காடு நன்றாக அறிந்திருக்கிறது. ஊர் ஆங்கிலேயர் கைக்கு முற்றாக மாறியது 1825இல். அதற்குள் காலண்டர் தகராறு தீர்ந்துவிட்டிருந்தது.

பிறகு வந்த திருத்தங்களும் அதிகாரத்தின் வேலைகளே. 1906இல் இந்திய நேரம் வந்தபோது பழைய மெட்ராஸ் நேரத்துக்கு ஒன்பது நிமிஷம் கூடியது. மேகநாத சாஹா தலைமையிலான குழு 1955இல் அறிக்கை கொடுத்து, 1957இல் தேசியக் காலண்டர் நடைமுறைக்கு வந்தது. அதில் பௌஷ மாதம் டிசம்பர் 22இல், சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவதை ஒட்டிப் பிறக்கிறது. அரசிதழில் அச்சாகிறது, அதை வைத்து யாரும் பொங்கலிடுவதில்லை. தை பிறப்பும் உத்தராயணமும் சரியாகப் பொருந்தியிருந்தது கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்கில். தமிழ்ப் புத்தாண்டு தையில் என்று 2008இல் சட்டம் வந்தது, 2011இல் போனது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வருகிற, பாதிப்பேர் ஒரிசாவும் பீகாருமான தொழிலாளிக்கு இவற்றில் உண்மையானது எத்தனை நாள் லீவு என்பது ஒன்றுதான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள், மார்கழிப் பௌர்ணமி. ஞாயிறன்று ராகு காலம் மாலை நாலரையிலிருந்து ஆறு. எமகண்டம் பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. பழவேற்காட்டுக் குப்பங்களுக்குள் கடல் வந்தது காலையில். எந்தக் காலண்டரும் தீயதென்று குறிக்காத நேரத்தில். இதைச் சொல்வது ஜோதிடத்தைப் பரிகசிக்க அல்ல. அது மலிவான காரியம். அன்றைய தாளில் எல்லாத் தகவல்களும் வழக்கம்போல இருந்தன, அந்த நாளைப் பற்றிய ஒன்றைத் தவிர. நாளைப் பற்றிய தகவலும் நாளும் வேறு வேறு. முன்னது முந்தின வருஷமே அச்சாகிவிடுகிறது. பின்னதை அதில் அகப்பட்டவர்கள்தான் எழுத வேண்டும், எழுதுவதற்கு மிஞ்சினால்.

போகியன்று விடியற்காலையில் பொன்னேரித் தெருக்களில் பழம்பாயோடும் முறத்தோடும் பழைய காலண்டர் அட்டையும் தீயில் போகிறது. தாள்கள் முன்பே போயிருக்கும், கணக்கு எழுதியும் பொட்டலம் மடித்தும். டயர் எரிக்காதீர்கள் என்று அரசாங்கம் வருஷந்தோறும் கேட்டுக்கொள்கிறது; அட்டையைப் பற்றி ஆட்சேபம் இல்லை. நான் சில தாள்களை எரிக்காமல் வைத்திருக்கிறேன், தகவலுக்காக அல்ல. அவற்றின் பின்பக்கத்தில் வீட்டில் யாரோ பென்சிலால் போட்ட பால் கணக்கு இருக்கிறது. அந்த நாள்களைப் பற்றி இப்போது மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்து அது.