லயத்து வீட்டில் விரிந்த விவிலியம்



பேராக் மாநிலத் தமிழர் வரலாறு என்றதும் ரப்பர்த் தோட்டம், ஈயச் சுரங்கம், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவை நம் நினைவுக்கு வரும். தோட்டத்து லயங்களில் மாலை வேளையில் கூடி விவிலியம் வாசித்த சிறு குழுக்களும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே. அத்தகைய குழுவொன்றில் வளர்ந்தவன் என்னும் முறையில் இதனைப் பதிவு செய்கிறேன்.

தமிழில் புதிய ஏற்பாடு சீகன்பால்குவின் முயற்சியால் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சாகி நிறைவுற்றது. எனினும் கத்தோலிக்கக் குடும்பங்களில் விவிலியத்தைக் கையிலெடுத்து வாசிக்கும் வழக்கம் நெடுங்காலம் வேரூன்றவில்லை. பேராக்கிலும் அதுவே நிலை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குரு பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பு ஒன்றை உருவாக்கினார். அக்காலத்தில் திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்தது. இல்லங்களில் செபமாலை ஒலித்தது. மக்களின் பக்தி ஆழமானது. ஆயினும் மறைநூலை அவர்கள் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-இல் வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய ஏடு, விசுவாசிகள் அனைவரும் விவிலியத்தை வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் தாக்கம் நம் நாட்டில் 1976-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஏறத்தாழ ஒரு மாத காலம் ஒன்றுகூடித் திருச்சபையின் எதிர்காலத்தை ஆராய்ந்தனர். அந்நாள்களில் வழிபாட்டுப் பொறுப்பைப் பொதுநிலையினர் ஏற்றனர். அண்டை வீட்டார் கூடும் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்களை வளர்ப்பதே முதன்மைப் பணியென அக்கூட்டம் முடிவு செய்தது.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாங்கள் வாழ்ந்த தோட்டத்திற்கும் அந்தக் காற்று வந்து சேர்ந்தது. பெரியவர்கள் பலருக்கு எழுத்தறிவு இல்லை. ஆகவே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயின்ற நானே வாசகன் ஆனேன்.

ஒருநாள் திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையை வாசித்தேன். காலை முதல் உழைத்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் ஒரே கூலி என்பதைக் கேட்டதும் பால்வெட்டுத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தனர். "எடை போட்டல்லவா நமக்குச் சம்பளம்? இது என்ன நியாயம்?" என்றார் ஒரு பெரியப்பா. அதுவரை வாய் திறவாத என் பாட்டி, "பிரட்டுக்களத்துல பேர் கூப்பிடாம நின்னவனுக்கும் வயிறு இருக்குல்ல?" என்றார். வேலை கிடைக்காமல் வீடு திரும்பிய நாள்களை அவர் அறிவார். அனைவரும் அமைதியாயினர்.

பின்னாளில் விளக்கவுரைகள் பல படித்தேன். பாட்டியின் சொல்லைப் போல் எதுவும் என் விசுவாசத்தை ஆழப்படுத்தவில்லை. தனியே வாசித்திருந்தால் பெரியப்பாவின் கேள்வியோடு நின்றிருப்பேன். குழு வாசிப்பின் பயன் இதுவே: ஒருவருடைய வாழ்வு மற்றவருக்கு உரை எழுதுகிறது.

தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த 'ஏழு படி' நற்செய்திப் பகிர்வு ஆசியாவெங்கும் பரவியதற்கும் காரணம் இதுவெனக் கருதுகிறேன். இறைவனை அழைத்தல், பகுதியை வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லை மும்முறை உரக்கக் கூறுதல், மௌனம், பகிர்வு, செய்யவேண்டிய பணியைக் கலந்து பேசுதல், மன்றாட்டு என்பன அப்படிகள். அங்கே போதகர் என்று தனியே ஒருவர் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்கள் மறைந்தன. எங்கள் உறவுகள் ஈப்போவின் அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இன்று அங்கே விரிகிறது. ஆயினும் ஓர் அச்சம் என்னை வாட்டுகிறது. அன்று எழுத்தறியாத பாட்டிக்குப் பேரன் வாசித்தான். இன்று தமிழ் எழுத்தறியாத பேரனுக்குப் பாட்டி வாசிக்க நேர்கிறது. அப்பாட்டியும் மறைந்தபின் யார் வாசிப்பது?

பெற்றோரே, வாரத்தில் ஒருநாள் பிள்ளையின் கையில் நூலைக் கொடுத்து உரக்க வாசிக்கச் செய்யுங்கள். பிழை நேர்ந்தால் பொறுத்தருளுங்கள். நானும் அன்று பிழையோடுதான் வாசித்தேன். அந்தக் குழு பொறுமையோடு கேட்டது.