கீச்சொலியின் பூர்வீகம்

சிக்னலில் பைக்கை நிறுத்தும்போது முன்சக்கரம் போடும் கீச்சொலிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பூர்வீகம் இங்கிலாந்தின் பர்மிங்காம். 1902-இல் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். சுழலும் உலோகத் தட்டைச் செம்புப் பட்டைகள் இருபுறமும் கவ்வின. கவ்வியதெல்லாம் சரி, காதுதான் தாங்கவில்லை.

சில ஆண்டுகளில் ஹெர்பர்ட் ஃப்ரூட் கல்நார் பட்டையைக் கொண்டுவந்தார். சத்தம் ஓரளவு அடங்கியது, ஆனால் கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுத்தது. அதைக் கைவிடப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இதற்கிடையில் டிஸ்க் பிரேக், 1953-இல் லெ மான் பந்தயத்தை வென்ற ஜாகுவார் காரில் பேர் வாங்கி, 1969-இல் ஹோண்டா சிபி 750 பைக்கில் ஏறியது. நம் ஊர்ச் சாலைகளுக்கு அதைப் பழக்கியவற்றில் 1999-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட் முக்கியமானது.

கூடவே அந்தக் கீச்சொலியும் வந்து சேர்ந்தது. பட்டை, அதாவது பேட், டிஸ்க்கைப் பிடிக்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை. வயலின் கம்பியில் வில் செய்வதும் இதைத்தான். அங்கே இசை, இங்கே இம்சை.

சத்தம் கேட்டதுமே புது பேட் வாங்கத் தேவையில்லை. பேட்டைக் கழற்றிப் பாருங்கள். உராயும் பகுதியில் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் மிச்சம் என்றால் மாற்றத்தான் வேண்டும். கனம் இருந்தும் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால், உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் போதும். டிஸ்க்கை பிரேக் கிளீனர் விட்டுத் துடைக்கலாம். பலர் கோட்டை விடும் இடம் பேட்டைத் தாங்கும் பின். அது துருப்பிடித்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். துருவை நீக்கி, சூடு தாங்கும் சிலிக்கோன் கிரீஸை அங்கேயும் பேட்டின் முதுகிலும் துளியளவு தடவலாம். உராயும் முகத்தில் படவே கூடாது.

வாட்டர் சர்வீஸ் முடித்து, வண்டி பளபளக்க டீசல் அடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது டிஸ்க்கில் பட்டால் சத்தம் மட்டுமல்ல, பிரேக்கும் போய்விடும். எண்ணெய் ஊறிய பேட்டைத் தூக்கி எறிவதே நல்லது.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, லீவர் இறுகும்வரை பலமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது.