கல்லைச் சுமந்து போன படை, கல்லை அடுக்கிய மருத்துவர்

கோட்டை என்றதும் நமக்கு அகழியும் கொத்தளமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அயர்லாந்தில் வட்டமான கல்சுவர் ஒன்றே கோட்டையாக நிற்கிறது. அதன் கதையைப் பார்ப்போமா?

அயர்லாந்தின் வடமேற்கில் டொனிகால் மாவட்டம். அங்கே சுமார் 244 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றின் உச்சியில் இருப்பதுதான் 'கிரீனன் ஆஃப் ஐலக்'. சுவர் ஏறத்தாழ 5 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் கனம். உள்வட்டத்தின் குறுக்களவு சுமார் 23 மீட்டர். சுண்ணாம்போ சாந்தோ கிடையாது, வெறும் கல்லின் மேல் கல்! உட்புறத்தில் படிகளும் மூன்று அடுக்கு நடைமேடைகளும் உள்ளன. சுவருக்குள்ளேயே குறுகிய வழிகளும் உண்டு. வெளியே மண்கரைகளின் தடயங்களைக் காணலாம். மேலே நின்றால் ஸ்விலி, ஃபாயில் என இரண்டு கடற்கழிகள் தெரியும். எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் தப்ப முடியாது!

இது வடக்கு ஊ நீல் மன்னர்களின் தலைமையிடமாகக் கருதப்படுகிறது. இம்மரபின் டோம்னல் மன்னர் 1088-ல் தெற்கே மன்ஸ்டர் அரசர்களின் கின்கோரா அரண்மனையை அழித்தார். அதற்குப் பழி தீர்க்க 1101-ல் மன்ஸ்டர் அரசர் மர்டாக் ஓ'பிரையன் படையோடு வந்து ஐலக்கை இடித்தார். அதோடு விட்டாரா? வீரர்களிடம் இருந்த ஒவ்வொரு உணவு மூட்டைக்கும் ஒரு கல் வீதம் லிமெரிக் வரை சுமந்து வரச் சொன்னாராம்! அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்பு நூல்கள் இதைச் சொல்கின்றன.

1835-ல் ஜார்ஜ் பீட்ரி என்ற ஆய்வாளர் இக்கோட்டையை அளந்தபோது சுவர் ஆள் உயரத்துக்குத்தான் எஞ்சியிருந்தது. பிறகு டெர்ரி நகரைச் சேர்ந்த வால்டர் பெர்னார்ட் என்ற மருத்துவர் 1874 முதல் 1878 வரை, சரிந்து கிடந்த கற்களை எடுத்து மீண்டும் அடுக்கினார். ஆக, இன்று நாம் வியந்து பார்க்கும் உயரத்தில் பெரும்பகுதி அவர் காலத்து வேலை!

அப்படியானால் இது பழைய கோட்டையா, புதிய கோட்டையா? அடிச்சுவர் பழையது, கல்லும் பழையது, அடுக்கிய கை மட்டும் புதியது. அவர் கை வைத்ததால் பழைய அமைப்பின் சில தடயங்கள் அழிந்திருக்கலாம் என்ற குறை உண்டு. கை வைக்காமல் விட்டிருந்தால் அது வெறும் கற்குவியலாகவே கிடந்திருக்கும், யாரும் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. என்னைக் கேட்டால், மருத்துவர் செய்தது தவறில்லை. ஆனால் எது பழையது, எது புதியது என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால்தான் வரலாறு பொய்யாகிறது.

1967-ல் குன்றின் கீழே பர்ட் என்ற ஊரில் இதே வட்ட வடிவில் ஒரு தேவாலயம் எழுந்தது. இடித்தவர் கல்லைத்தான் கொண்டு போனார், வடிவத்தை அல்ல!

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே? இடிந்ததை எழுப்பலாமா, அப்படியே விடலாமா?